ஆபத்தைக் காட்டு, ஆளைக் காட்டாதே: தண்டோரா முதல் செல்பேசி வரை

வழக்கமாக வங்கி, வரி, பங்குச்சந்தை என்று எழுதிக்கொண்டிருப்பவன் இந்த முறை கொஞ்சம் வரலாற்றுப் பக்கம் போகிறேன். பி.காம். மாணவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடைசியில் கணக்குப் பதிவியலுக்கே வந்து சேர்வேன், பயப்பட வேண்டாம்.

படவேடு என்றதும் பலருக்கும் ரேணுகாம்பாள் கோயில்தான் நினைவுக்கு வரும். ஆடி வெள்ளிக்கு அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகரம் அது. திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், போளூர்ப் பக்கம் இருக்கிறது. மலையில் பெய்யும் மழை கமண்டல நாகநதியில் இறங்குகிறது. ஆற்றின் குறுக்கே பக்கத்திலேயே செண்பகத்தோப்பு அணை. மேலே சாலை சரியில்லாத மலைக் கிராமங்கள், கீழே ஆற்றங்கரை ஊர்கள், நடுவே திருவிழாக் கூட்டம்.

இப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆபத்து என்றால் இரண்டு கேள்விகள் வரும். ஊருக்கு எப்படிச் சொல்வது? யாருக்கு உதவி வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் கேள்விக்கு யாருடைய விவரமும் தேவையில்லை. இரண்டாவதற்குக் கொஞ்சம் தேவை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் சிக்கலே. உயிர் போகிற நேரத்தில் அந்தரங்கம் ஒரு விஷயமா என்று பலர் கேட்கிறார்கள். வரலாற்றைப் புரட்டினால், அந்தரங்கத்தை மதிக்காத இடங்களில் உயிரையும் காப்பாற்ற முடியாமல் போனது தெரிகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

நடுகல் சொல்லும் கதை

நம் பகுதியின் மிகப் பழைய 'அவசர உதவி' ஆவணங்கள் எவை தெரியுமா? நடுகற்கள்! செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் தனி நூலாகவே வெளியிட்டது. அன்றைய பெரிய ஆபத்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு போகும் கூட்டம். அதை மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்டார்கள். எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுப் பழையது. அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். நாயின் பெயரைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

இந்தக் கல்லில் பெயர் யாருடையது? உதவிக்குப் போனவர்களுடையது. மாட்டைப் பறிகொடுத்து அழுதவர்களின் பெயர்ப் பட்டியல் இல்லை. உதவி செய்தவனை ஊரறியச் சொல், உதவி பெற்றவனை விட்டுவிடு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தண்டோராவின் இரண்டு முகம்

அடுத்தது தண்டோரா. ஏரி உடைகிறது, ஆற்றில் வெள்ளம் வருகிறது என்றால் பறையடித்துச் சொல்வார்கள். யோசித்துப் பார்த்தால் அருமையான ஏற்பாடு. கேட்பவரின் பெயரை அது கேட்கவில்லை. யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று குறித்து வைக்கவில்லை. செய்தி எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பறையை யார் தோளில் மாட்டினார்கள்? பிறப்பால் ஒரு சாதிக்காரர் தலையில்தான் அந்த வேலை கட்டப்பட்டது. மழையிலும் இருட்டிலும் ஊரெல்லாம் சுற்றி மற்றவர்களை எச்சரித்தவருக்கு, அதே ஊரில் தனித் தெரு, தனிக் குவளை. ஒலிபெருக்கி வந்து பல ஆண்டுகள் கழித்தும் இது பல இடங்களில் தொடர்ந்தது. 2022 ஆகஸ்டில்தான் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னால் போதும் என்றார்.

ஆக, தண்டோராவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று, விட வேண்டியது ஒன்று. கேட்பவரின் விவரத்தைக் கேட்காத குணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஊரின் பாதுகாப்பை ஒரு சமூகத்தின் கட்டாய வேலையாக்கிய வழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

பிளேக் வந்தபோது

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. 1897 பிப்ரவரியில் ஆங்கில அரசு தொற்றுநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். பூஜை அறை, சமையலறை என்று எதையும் விடவில்லை. கோபம் முற்றி, 1897 ஜூன் 22 அன்று பிளேக் கமிட்டித் தலைவர் ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

கொலை வரலாற்றுப் புத்தகத்தில் வந்துவிட்டது. அதைவிட முக்கியமானது வேறு. ஜனங்கள் நோயாளிகளை ஒளித்து வைக்க ஆரம்பித்தார்கள். ஊரைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களோடு நோயும் போனது. தேடுதல் கடுமையாக ஆக, அரசுக்குக் கிடைத்த தகவல் குறைந்துகொண்டே போனது.

சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒன்று இருந்தது. நோய் பரவிய ஊரிலிருந்து ரயிலில் வருகிறவர் பெயர், போகுமிடம் எல்லாம் எழுதிக் கொடுத்து, பத்து நாள் அதிகாரியிடம் ஆஜராகிக் காட்ட வேண்டும். சிப்பாய் வீட்டுக்குள் நுழைவதைவிட இது தேவலாம்தான். அதற்கு ஒரு முடிவு தேதியும் இருந்தது. பத்து நாள் முடிந்தால் விட்டுவிடுவார்கள். பட்டியல் போடும் அரசு அதை எப்போது மூடும் என்பதையும் சொல்ல வேண்டும் என்ற எண்ணம், அரைகுறையாகவாவது, அப்போதே இருந்திருக்கிறது.

நல்லவாடு: கடலைக் காட்டிய குரல்

இனி நம் காலத்துக்கு வருவோம். புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் மையங்களை அமைத்தது. கடலோர ஊர்களில் அலை எவ்வளவு உயரம் வரும் என்ற விவரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மீனவர்கள் அதைக் கேட்டு, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள்.

2004 டிசம்பர் 26. நல்லவாடு என்ற மீனவ ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுமத்ராவில் நிலநடுக்கம் என்ற செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். கடல் ஊருக்குள் ஏறுகிறது என்று பதில் வந்தது. எல்லோரையும் வெளியேறச் சொல் என்றார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியை எடுத்து, ஓடுங்கள் என்று திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். சுமார் 150 வீடுகளும் 200 படகுகளும் போயின. ஊரிலிருந்த சுமார் 3,600 பேரும் பிழைத்தார்கள்.

இதில் எந்த டேட்டாபேஸும் இல்லை. ஒருவரின் பெயரோ எண்ணோ அடையாள அட்டையோ தேவைப்படவில்லை. தினமும் புழங்கிய கருவி என்பதால் அவசரத்தில் கை தானாக அங்கே போனது. அந்தக் குரல் காட்டியது கடலை, எந்த மனிதரையும் அல்ல.

அத்திமூர்: ஆளைக் காட்டிய செய்தி

இப்போது நமக்கு மிகப் பக்கத்தில் நடந்தது. எழுதவே கை கூசுகிறது. 2018-ல் வட மாவட்டங்களில் வாட்ஸப்பில் ஒரு வதந்தி ஓடியது. குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது, வெளியூர் ஆட்களைக் கண்டால் உஷார் என்று. 2018 மே 9 அன்று, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி காரில் வந்த ஒரு குடும்பம், போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் வழி விசாரிக்க நின்றது. காரில் இருந்த வயதான அம்மா குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்கள் பலத்த காயமடைந்தார்கள்.

அடித்தவர்களில் பலர் அந்த நிமிடம், தாங்கள் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். செய்தி பரவிய வேகத்தை மட்டும் பார்த்தால் அதுவும் ஒரு 'சமூக அவசர எச்சரிக்கை'தான். நல்லவாட்டுக்கும் அத்திமூருக்கும் என்ன வித்தியாசம்? அங்கே செய்தி ஆபத்தைக் காட்டியது, ஓட வழி சொன்னது. இங்கே செய்தி ஆளைக் காட்டியது, அடிக்க வழி சொன்னது. யார் சொன்னார்கள் என்றும் தெரியாது, சரிபார்க்க ஆளும் கிடையாது.

இதே மாதிரி சம்பவங்கள் நாடு முழுக்க நடந்ததால், 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸப் கட்டுப்பாடு வைத்தது.

கொரோனா: மறுபடியும் பட்டியல்

2020-ல் அதே 1897 சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளின் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். கர்நாடகத்தில் தனிமையில் இருந்தவர்களின் முகவரிப் பட்டியலே வெளியானது. சென்னை ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனுடைய கட்டடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அவர் அங்கே வசிக்கவில்லை என்று தெரிந்ததும் எடுத்தார்கள். பிரபலம் என்பதால் உடனே எடுத்தார்கள். சாதாரண ஆள் என்றால்? வாசலில் ஸ்டிக்கர் இருந்தால் பால்காரர் வரமாட்டார், வாடகை வீடென்றால் காலி செய்யச் சொல்வார்கள் என்று பயந்து சோதனைக்கே போகாதவர்கள் இருந்தார்கள். பூனாவில் நோயாளியை ஒளித்த அதே பயம்.

2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டாலொழிய வீட்டு வாசலில் இப்படி ஒட்டக்கூடாது என்றது. அதற்கு முன்பே, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருந்தது. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், தேவை இருக்க வேண்டும், அளவோடு இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் கதை இன்னும் பாடமானது. 2020 மார்ச்சில் ட்ரேஸ்டுகெதர் என்ற செயலி வந்தது. தகவல் தொற்றைக் கண்டுபிடிக்க மட்டுமே என்று உறுதி கொடுத்தார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குப் போலீசும் அதை எடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பிப்ரவரியில் ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டார்கள். கெட்ட எண்ணத்தோடு தொடங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் ஒன்று கையில் இருந்தால் அதற்குப் புதுப்புது வேலை கிடைத்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான்.

சொன்னோம் என்பதும் கேட்டோம் என்பதும்

அப்படியானால் ஒலிபெருக்கி போதும், எந்த விவரமும் வேண்டாம் என்று முடித்துவிடலாமா? முடியாது. 2024 டிசம்பர் அதைச் சொல்கிறது. ஃபெஞ்சல் புயல் மழையில், டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். மறுநாள் விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. முன்னறிவிப்பு இல்லை என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு.

அரசியலை விடுங்கள். 'அனுப்பினோம்' என்பது ஒன்று, 'கிடைத்தது' என்பது வேறு. நள்ளிரவில் அறிவிப்பு வந்தால் காது கேளாத பாட்டிக்கு யார் சொல்வது? படுக்கையில் கிடப்பவரை யார் தூக்குவது?

2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் செல்பேசிகளில் திடீரென்று அலறலோடு ஒரு சோதனைச் செய்தி வந்தது ஞாபகம் இருக்கிறதா? செல் பிராட்காஸ்ட் என்ற முறை அது. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லா போனுக்கும் ஒரே செய்தி போகும். உங்கள் எண் தெரிய வேண்டியதில்லை. யார் வாங்கினார் என்ற கணக்கும் இல்லை. தண்டோராவின் நல்ல குணம் அப்படியே இதில் இருக்கிறது, அதன் சாதிச் சுமை இல்லாமல். ஆனால் சிக்னல் கிடைக்காத மலைக் கிராமத்துக்கும், போனே இல்லாத பாட்டிக்கும் இது எட்டாது.

படவேட்டுக்கு என்ன செய்யலாம்?

இங்கேதான் என் பாடத்துக்கு வருகிறேன். கணக்கில் சொத்து, பொறுப்பு என்று இரண்டு பக்கம் உண்டு. வெள்ளம் வரும் நாளில் ஊரார் விவரப் பட்டியல் ஒரு சொத்து. வெள்ளம் வடிந்த மறுநாளே அது பொறுப்புப் பக்கம் போய்விடுகிறது. தேர்தல்காரர் கேட்பார், கடன்காரர் கேட்பார், வம்புக்காரர் கேட்பார். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மருத்துவ அவசரம், தொற்றுநோய், பேரிடர் காலங்களில் நம் சம்மதம் கேட்காமலே விவரத்தைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. அது நியாயமும்கூட. ஆனால் அதனால்தான் அளவை அமைப்பிலேயே கட்டி வைக்க வேண்டும். என் யோசனை இது.

1. முதலில் குரல். பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், கோயில், மற்ற வழிபாட்டு இடங்களின் ஒலிபெருக்கிகள். கரண்ட் போனாலும் வேலை செய்ய பேட்டரி. தண்ணீர் திறக்கும் நேரம், ரேஷன் கடை அறிவிப்பு என்று தினமும் புழங்க வேண்டும். அறிவிப்பில் ஆறு, மலை, தீ, போக வேண்டிய வழி, இவை மட்டும். எந்த மனிதரின் பெயரும் அடையாளமும் வரக்கூடாது. யார் சொல்கிறார் என்பது மட்டும் ஊருக்குத் தெரிய வேண்டும்.

2. தெருவுக்கு ஒரே ஒரு தாள். இருபது, இருபத்தைந்து வீட்டுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். தாளில் எந்த வீடு, என்ன உதவி என்பது மட்டும். 'தூக்க ஆள் வேண்டும்', 'காது கேட்காது, தட்டி எழுப்ப வேண்டும்'. நோயின் பெயர் வேண்டாம், சாதி வேண்டாம், ஆதார் வேண்டாம். விருப்பமுள்ளவர் தாமே சொல்லிச் சேர்க்க வேண்டும். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து குரூப்பில் போடக்கூடாது.

3. மேலே போவது எண்ணிக்கை மட்டும். வணிகவியலில் இருப்பாய்வு என்று ஒன்று போடுவோம். அதில் கணக்குகளின் மொத்தம்தான் வரும், ஒவ்வொரு பற்றுச்சீட்டும் வராது. அதுபோல 'இந்தத் தெருவில் 23 வீடு, 23-ம் பதில் சொல்லியாயிற்று' என்று பஞ்சாயத்துக்குத் தெரிந்தால் போதும். 22 என்றால் ஆள் அனுப்பலாம். 'அனுப்பினோம், கிடைக்கவில்லை' என்ற சண்டை இதில் வராது.

4. தெருவுக்குத் தெரியக்கூடாதவையும் உண்டு. கிராமத்தில் அரசைவிடப் பக்கத்து வீட்டுக் கண்தான் பல நேரம் பெரியது. அடிவாங்கும் பெண் 2018 முதல் இருக்கும் 181-ஐ அழைத்தால் அது அவருக்கும் உதவிக்கு வருபவருக்கும் இடையிலேயே நிற்க வேண்டும். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108-க்கு இடம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அது அந்த வண்டிக்கு மட்டும். யாரை ஏற்றினார்கள், எதற்கு ஏற்றினார்கள் என்று தெருவுக்கு அறிக்கை தேவையில்லை.

5. முடிவு தேதி. நம் பக்கம் பெரிய ஆபத்தெல்லாம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழைக்கு முன் தாளைப் புதிதாக எழுதலாம். மழை முடிந்ததும் போகி வந்துவிடும். பழைய பாயோடு அந்தத் தாளையும் கொளுத்திவிடலாம். நம் காலண்டரிலேயே அழிக்கும் தேதி இருக்கிறது, சிங்கப்பூர் மாதிரி நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை!

இந்த வேலைக்கு வருபவர்கள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். பிறப்பைப் பார்த்து யாருக்கும் ஒதுக்கக்கூடாது. அவர்கள் பெயரை மட்டும் பஞ்சாயத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம். எடுத்தனூர்க்காரர்கள் 1,400 ஆண்டுகளுக்கு முன் செய்தது அதைத்தானே? பட்டியல் வேண்டுமென்றால் காப்பாற்ற வருகிறவர்கள் பட்டியல் நிரந்தரமாக இருக்கட்டும். காப்பாற்றப்பட வேண்டியவர்கள் பட்டியல் போகி வரைக்கும் போதும்.

உங்கள் ஊரில் வெள்ளமோ தீயோ வந்தால் முதலில் யார், எப்படிச் சொல்வார்கள்? இந்த மழைக்காலத்துக்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் சட்டென்று வரவில்லை என்றால், தெருவில் நாலு பேர் உட்கார்ந்து பேச அதுவே நல்ல காரணம்.